மருந்து அடித்தவனும் மருந்து வைத்தவளும்

அம்சவள்ளியைப் பற்றி எழுதுவதென்றால் அவள் வாயிலிருந்துதான் தொடங்க வேண்டும். செந்துறையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிற ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் நான் சத்துணவு அமைப்பாளர், அவள் சமையலர். பல வருடமாக ஒரே புகையில் நின்று ஒரே அண்டாவைத் தூக்கி இறக்கியிருக்கிறோம். இத்தனை வருடத்தில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தைக்கூட அவள் அப்படியே விட்டதில்லை.

"ஹெட்மாஸ்டர் இன்னைக்கு நம்ம மேல கோவமா இருக்காரு" என்று சொல்லிக்கொண்டே காலையில் நுழைவேன். பருப்பைக் களைந்தபடி, "பேசாமப் போனாருன்னு சொல்லுங்கக்கா. கோவமா பல்வலியான்னு அவருக்குத்தான் தெரியும்" என்பாள். எனக்கு எரிச்சலாக வரும். பேச்சுத் துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்றுதான் எல்லோரும் பேசுகிறோம், கோர்ட்டில் கூண்டேறியா நிற்கிறோம்? அவளிடம் அது நடக்காது. முட்டை போடுகிற நாளில் ஒரு பிள்ளை அழுதுகொண்டு வந்து, பக்கத்தில் இருக்கிறவன் முட்டையைத் திருடிவிட்டான் என்றால், கரண்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள்: எடுத்ததைப் பார்த்தாயா, தட்டில் காணோமா? காணோம் என்றால் காணோம் என்று சொல், திருடிட்டான் என்று சொல்லாதே. அதற்குள் முட்டை பெஞ்சுக்கு அடியில் உருண்டு கிடப்பது தெரிந்துவிடும்.

அவள் பிறந்தது உடையார்பாளையம் பக்கம். அவள் அம்மா முந்திரி உடைக்கிற கொட்டகைக்குப் போனவர். தோட்டு எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்துப் போன கை. ஒரு நாள் வேலை முடிந்து கிளம்பும்போது முந்தானை முடிச்சு புடைத்திருந்ததைப் பார்த்த முதலாளி, பருப்பு எடுத்துக்கொண்டு போகிறாள் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். அம்மா முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். வெற்றிலை, பாக்கு, ஒரு சின்னப் புகையிலைத் துண்டு. முதலாளி அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "அப்ப நேத்து எடுத்துட்டுப் போயிருப்பா" என்றார். மறுநாளிலிருந்து வேலை இல்லை. அந்தக் கொட்டகை வாசலில் அம்மாவுக்காகக் காத்து நின்றவள் அம்சவள்ளி, அப்போது மூன்றாம் வகுப்பு. அவள் குணத்துக்கு அதுதான் காரணம் என்று நான் நினைக்கிறேன். அவள் அப்படிச் சொன்னதில்லை. சொன்னால், "அது நீங்க போட்ட முடிச்சுக்கா" என்பாள்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தாள். புருஷன் வீரமுத்து கூலிக்கு மருந்தடிக்கிற ஆள். முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் அடித்துக் கொடுப்பான். கெட்டவன் இல்லை, சோம்பேறியும் இல்லை. பெரிய ஆள் முன்னால் மட்டும் அவன் முதுகெலும்பு எங்கேயோ போய்விடும். ஒரே மகள் சத்யப்பிரியா, செந்துறையில் ஒன்பதாவது படிக்கிறாள்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். 

ஐப்பசி மழை விட்டிருந்த வாரம். மக்காச்சோளத்தில் படைப்புழு இறங்கியிருந்தது. பயிர் ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டால் மருந்தை அண்ணாந்து அடிக்க வேண்டும், அடிக்கிறதில் பாதி அடிக்கிறவன் தலையில்தான் இறங்கும். பழனிவேல் ஊரில் கொல்லை என்று நாங்கள் சொல்கிற புன்செய் நிறைய உள்ளவர். அவர் கொல்லைக்கு வீரமுத்து காலையில் வெறும் வயிற்றோடு கிளம்பினான். டேங்க் வேறு ஒழுகுகிற டேங்க். மூஞ்சியில் துணி கட்டிக்கொண்டு போ, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று அம்சவள்ளி சொல்லிப் பார்த்தாள். அவன் சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கினான். வாசலில் நின்று பின்னாலேயே கத்தினாள். அவள் கத்தினால் அடுத்த தெருவுக்குக் கேட்கும். அந்த வழியாகத் தன் கொல்லைக்குப் போய்க்கொண்டிருந்த வளர்மதிக்கும் கேட்டது. வளர்மதி ஊர்த்தெருக்காரர், எங்கள் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவி.

மதியம் பிள்ளைகளுக்குப் பரிமாறிக்கொண்டிருந்தோம். என் போன் அடித்தது. டவுன் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ். அம்சவள்ளி வீட்டுக்காரர் மருந்து குடித்துவிட்டாராம், உடனே வரச் சொல்லுங்கள் என்றார். அம்சவள்ளியின் கையிலிருந்த கரண்டியை நான் வாங்கிக்கொண்டேன். "குடிச்சாரா?" என்று அவள் என்னைக் கேட்டாள். "குடிச்சிட்டாராம்னு சொல்றாங்க" என்றேன். செருப்புக்கூடப் போடாமல் ஓடினாள்.

அங்கே அவள் பார்த்தது இது. கட்டிலில் வீரமுத்து, வாயில் நுரை, கண்மணி சுருங்கிக் கடுகு அளவுக்கு இருந்தது. சட்டை தொப்பலாக நனைந்து நாறியது, அதிலும் முதுகுப் பக்கம். அவள் கேட்டது இது. கொல்லையில் விழுந்து கிடந்தவனைக் காரில் கொண்டுவந்தது பழனிவேல். என்ன ஆச்சு என்று கேட்டதற்கு அவர் "மருந்துங்க" என்றார். குடிச்சாரா என்று கேட்டதற்குத் தலையை ஆட்டினார். நர்ஸ் சொன்னது அவ்வளவுதான்.

"முதுகால யாராச்சும் குடிப்பாங்களாக்கா?" என்று என்னிடம் போனில் கேட்டாள். அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் பக்கம் எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான். காய்ச்சலுக்குக் கொடுப்பதும் மருந்து, புழுவுக்கு அடிப்பதும் மருந்து. உயிரை விடத் துணிந்தவன் குடிப்பதும் மருந்துதான். புருஷனை மயக்கச் சோற்றில் வைத்தாள் என்று வாய் கூசாமல் சொல்கிறார்களே, அதுவும் மருந்துதான். பின்னால் வருகிற வினைச்சொல்லை வைத்துத்தான் எது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். வீரமுத்து மருந்து அடித்தான். ஆஸ்பத்திரி வாசலில் அது குடித்தான் ஆயிற்று. பொழுது சாய்வதற்குள் ஊருக்கு வந்து சேர்ந்தது. காலையில் அவள் கத்தியதைத் தன் காதால் கேட்டதாக வளர்மதி யாரிடமோ சொல்ல, அவள் குடிக்கச் சொன்னாள் என்று ஆயிற்று. குடிக்கச் சொன்னவள் கொடுத்திருக்க மாட்டாளா? கொடுத்தாள் என்று ஆயிற்று. சமையல்காரிதானே, சோற்றில் வைப்பதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அந்த வாரக் கடைசியில் நான் செந்துறை பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது முன் சீட்டில் இரண்டு பெண்கள், புருஷனுக்கே மருந்து வைத்தவள் கையால் பிள்ளைகள் எப்படிச் சாப்பிடும் என்று பேசிக்கொண்டு வந்தார்கள். "வச்சாளாம்" என்றுகூட அவர்கள் சொல்லவில்லை. அந்த "ஆம்" எந்த நிறுத்தத்தில் இறங்கிப் போனதோ தெரியவில்லை. கேட்டேன் என்பதற்கும் பார்த்தேன் என்பதற்கும் நடுவில் நம் மொழி ஓர் ஈரெழுத்துக்காரனைக் காவலுக்கு வைத்திருக்கிறது, அவனையும் இந்த ஊர் தள்ளிவிட்டுவிட்டது. எனக்கு அந்த இரண்டு பேர் முடியையும் பிடித்து ஆட்ட வேண்டும் போல இருந்தது.

அடுத்த வாரம் பிள்ளைகள் வீட்டிலிருந்து டப்பா கொண்டு வர ஆரம்பித்தார்கள். முதல் நாள் நாலைந்து டப்பா. பிறகு பாதி வகுப்பு. அப்புறம் அம்சவள்ளி குடியிருக்கிற தெற்குத் தெருப் பிள்ளைகள் மட்டும்தான் தட்டோடு உட்கார்ந்தார்கள், அதிலும் சிலது அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டே சாப்பிட்டது. ஆக்கின சோறு அண்டாவோடு மிஞ்சியது. அம்சவள்ளி வேலைக்கு வந்த புதிதிலும் இதே வீடுகளிலிருந்துதான் இதே மாதிரி டப்பா வந்தது. தெற்குத் தெருக்காரி ஆக்கின சோறு என்று அப்போது வாய்விட்டுச் சொல்ல முடியாமல் வயிற்றுவலி, ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார்கள். இப்போது வெட்கமில்லாமல் சொல்ல ஒரு காரணம் கிடைத்துவிட்டது என்று நான் கொதித்தேன்.

அம்சவள்ளியிடமே சொன்னேன். அவளுக்கும் கோபம்தான், என்னைவிட அதிகம். ஆனாலும் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவங்க வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு நமக்கு எப்படிக்கா தெரியும்? டப்பா கொண்டுட்டு வராங்க, அத மட்டும் சொல்லுங்க. நாமளும் நெனச்சதச் சொல்ல ஆரம்பிச்சா அவங்களுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?"

சரி, அது என் ஊகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊகத்தை நான் இன்னும் விடவில்லை.

ஹெட்மாஸ்டர் அறிவழகன் நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சண்டை என்றால் ஒதுங்கிப் போவார்கள். பிரச்சினை அடங்குகிற வரைக்கும் கொஞ்ச நாள் லீவில் இரு அம்மா என்றார். அம்சவள்ளி, எழுதிக் கொடுங்கள், என்ன காரணம் என்று அதில் போடுங்கள் என்றாள். அவர் எழுதவில்லை. அவள் லீவிலும் போகவில்லை. போனால் ஊர் சொன்னதற்கு அவளே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகிவிடும், திரும்பி வரும்போது அந்த அடுப்பில் வேறு ஒருத்தி நிற்பாள். அந்த வேலைதான் அந்த வீட்டில் மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் நிற்கிற வேலை. அதைவிட, அவள் கை சுத்தம் என்பதற்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி அந்தப் பிள்ளைகளின் வயிறுதான்.

நடந்ததைச் சொல்ல ஒருவனால் முடியும். அவன் பிழைத்து எழுந்து உட்கார்ந்திருந்தான்.

எனக்கு வருகிற கோபத்தில் முக்கால்வாசி வீரமுத்து மேல்தான். ஆஸ்பத்திரியில் விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் அவன் சொன்னது, "தெரியாம உள்ள போயிடுச்சுங்க." எது போனது, எப்படிப் போனது, யார் கொல்லையில் போனது, ஒன்றுமில்லை. தானே கதவைத் திறந்துகொண்டு அது உள்ளே போய்விட்ட மாதிரி ஒரு பேச்சு. பழனிவேல் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அவர் போன பிறகு வீரமுத்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான், அது தெரியும். வீட்டுக்கு வந்த பிறகும் அதே கதைதான். போய்ச் சொல்லு, கொல்லையில அடிக்கும்போது பட்டுச்சுன்னு சொல்லு என்று அம்சவள்ளி மன்றாடினாள், திட்டினாள், அழுதாள். "போனது போச்சு, இனிமே பேசி என்ன ஆகப் போவுது" என்றான். டீக்கடையில் அவனுக்குத் தனி மரியாதை வந்திருந்தது. பாவம், பொண்டாட்டி கொடுமையில் சாகப் பார்த்தவன் என்று ஓசி டீ கொடுத்தார்கள். அதையும் அவன் மறுக்கவில்லை, குடித்தான். அதை மட்டும் குடித்தான் என்று நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன், என் கண்ணாலேயே பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் போட்டார்கள். வராண்டாவில் ஹெட்மாஸ்டர், பக்கத்தில் தலைவி வளர்மதி. தாய்மார்கள் கீழே உட்கார்ந்திருந்தார்கள். பேரன் படிக்கிறான் என்று பழனிவேலும் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். வீரமுத்து தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றான். பேசச் சொன்னதும் அம்சவள்ளி எழுந்து, முன் வரிசையில் இருந்தவளிடம், நான் சோற்றில் மருந்து வைத்ததைப் பார்த்தீர்களா என்று கேட்டாள். ஊரே சொல்கிறது என்றாள் அவள். ஊரில் யார் என்றாள் இவள். அவள் இன்னொருத்தியைக் காட்டினாள், அந்த இன்னொருத்தி பக்கத்தில் இருந்தவளைக் காட்டினாள். பார்த்தவள் ஒருத்தியும் இல்லை. எல்லோரும் கேட்டவர்கள், கேட்டவர்களிடம் கேட்டவர்கள். கடைசியில் எல்லோருடைய முகமும் வளர்மதி பக்கம் திரும்பியது.

வளர்மதிக்கு வியர்த்துவிட்டது. "நீ வச்சன்னு நான் எங்கயும் சொல்லல அம்சவள்ளி. அன்னைக்குக் காலையில நீ சொன்னதத்தான் சொன்னேன். என் காதால கேட்டேன்."

"என்ன சொன்னேன்? நான் சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஒண்ணையும் கூட்ட வேணாம், கொறைக்க வேணாம்."

வளர்மதி கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். ஒன்று சொல்ல வேண்டும், அந்த அம்மாள் பொய் சொல்கிற ஆள் இல்லை. "'இப்படியே மருந்தக் குடிச்சுக் குடிச்சு ஒரு நாளைக்குச் சாவத்தான் போற'ன்னு சொன்ன."

"எத்தனை தடவ குடிச்சு?"

"குடிச்சுக் குடிச்சு..." என்று மறுபடி சொன்ன வளர்மதி அங்கேயே நின்றுவிட்டார். உயிரை விடக் குடிக்கிறவன் ஒரு தடவைதான் குடிப்பான். தினமும் குடிக்கிறவன் யார்? முகத்துக்கு நேரே மருந்தடித்து மூச்சில் இழுக்கிறவன். அதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. தன் வாயால் சொல்லித் தன் காதால் கேட்டதும் அவருக்கே விளங்கியது. "மருந்தடிக்கப் போறதத்தான் திட்டியிருக்கா" என்று மெதுவாகச் சொன்னார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். நியாயமான ஊராக இருந்தால் முடிந்திருக்கும். பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எப்படியோ இருக்கட்டும், ஒரு பொம்பளை புருஷனைப் பார்த்துச் சாகப் போறன்னு சொல்லலாமா? பழனிவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, அவள் வாய் அப்படி, அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்றார். உடனே நாலு தலை ஆடியது. சோற்றில் வைத்தது போயிற்று, கொடுத்தது போயிற்று, குடிக்கச் சொன்னதும் போயிற்று, ஆனால் அவள் கெட்டவள் என்பது மட்டும் அப்படியே நின்றது. கால்களை எல்லாம் வெட்டிவிட்டார்கள், நாற்காலி மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. நான் எழுந்து கத்திவிட்டேன். என்ன கத்தினேன் என்று எழுத மாட்டேன். ஹெட்மாஸ்டர் என்னை உட்காரச் சொன்னார்.

அம்சவள்ளி என்னைப் பார்க்கவேயில்லை. தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பினாள்.

"நீ சொல்லு. மருந்து அடிச்சியா, குடிச்சியா?"

வீரமுத்து பழனிவேல் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "உள்ள போயிடுச்சு" என்றான்.

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாளா மூணு வேளையும் யாரு கையால சாப்பிடுற?"

"ஒன் கையாலதான்."

"சின்னப் புள்ளைங்களுக்கு ஆவாத கை ஒனக்கு மட்டும் எப்படி ஆவும்? இன்னையோட என் கையால ஒனக்குச் சோறு கெடையாது. நடந்தத நடந்த மாதிரி சொல்லிட்டு வந்து சாப்புடு."

கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். இன்னும் ஒரு வாரம் பார்ப்பது. பிள்ளைகள் சாப்பிட்டால் அம்சவள்ளி இருக்கட்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் போடச் சொல்லி மேலே எழுதுவது. வளர்மதி அதில் கையெழுத்துப் போடும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் சொன்னதைச் செய்தாள். வீட்டில் தனக்கும் மகளுக்கும் மட்டும் உலை வைத்தாள். சத்யப்பிரியாவும் அப்பனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். பஸ்ஸில் வருகிற பிள்ளைகள் அவள் டிபன் பாக்ஸைக் காட்டி மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தது அவளுக்குத்தானே தெரியும். வீரமுத்து டீக்கடையில் பரோட்டா தின்றான், பன் தின்றான், ஒரு நாள் யாரோ விசேஷ வீட்டில் போய்ச் சாப்பிட்டான். பசிக்கு வழியா இல்லை?

ஆனால் ஊர் அதையும் விடவில்லை. திங்கட்கிழமை செந்துறையில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். பார்த்தீர்களா, புருஷனே பயந்துகொண்டு அவள் கையால் சாப்பிடுவதில்லை, கடையில்தான் சாப்பிடுகிறான், அப்படியென்றால் ஏதோ இருக்கிறது. சொன்னவள் அன்றைக்குக் கூட்டத்தில் முன் வரிசையில் இருந்தவள். அம்சவள்ளி சோறு கிடையாது என்று சொன்னதை அதே காதால் கேட்டவள். அவன் கடையில் சாப்பிடுவது அவளுக்குத் தெரிந்தது, ஏன் சாப்பிடுகிறான் என்பதைத் தன் வசதிக்கு மாற்றிக்கொண்டாள். நான் அவளிடம் சண்டைக்குப் போய், பஸ்ஸையும் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் போய்ச் சேர்ந்தேன்.

அம்சவள்ளியிடம் சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. அவள் புளி கரைத்துக்கொண்டிருந்த கையோடு அடுப்படியில் உட்கார்ந்துவிட்டாள். 

"சோறு போட்டா மருந்து வச்சேங்குறாங்க. போடலன்னா அவன் பயந்துட்டான்குறாங்க. நான் என்னதான்க்கா பண்றது?"

அவளை நான் எப்படித் தேற்றுவது? அன்றைக்குப் புளிசாதம். பாதிக்கு மேல் மிஞ்சியது.

புதன்கிழமை மதியம், மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையில் உட்கார்ந்த நேரம். கேட்டுக்கு வெளியே டப்பாவோடு வந்த தாய்மார்கள் வழக்கம்போல நின்றிருந்தார்கள். வளர்மதியும் இருந்தார். வீரமுத்து வந்தான். குளித்து, சட்டை மாற்றி வந்திருந்தான். யாரையும் பார்க்காமல் உள்ளே நுழைந்து, அலம்பி வைத்திருந்த தட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் வரிசையின் கடைசியில் போய்ச் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். டீக்கடையில் அவன் காதுபடவே அந்தப் பேச்சைப் பேசினார்களா, மகள் ஏதாவது சொன்னாளா, எது அவனுக்கு உறைத்தது என்று எனக்குத் தெரியாது. வந்து உட்கார்ந்தான், அதுதான் தெரியும்.

அம்சவள்ளி சோற்றுக் கரண்டியோடு வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். அவன் முன்னால் வந்ததும் நின்றாள். போடவில்லை. நிமிர்ந்து பார்த்தான். அவள் கரண்டியைத் தாழ்த்தவில்லை.

"மருந்து அடிச்சேன்" என்றான்.

"கேக்கல."

"பழனிவேலு கொல்லையில மருந்து அடிச்சேன். டேங்கு ஒழுவி முதுவெல்லாம் நனைஞ்சிடுச்சு, மூஞ்சியிலயும் பட்டுச்சு. தலை சுத்தி விழுந்துட்டேன். நான் குடிக்கல."  கேட்டில் நிற்கிறவர்களுக்குக் கேட்கிற மாதிரித்தான் சொன்னான். "அவ எதையும் வைக்கல. நான்தான் வாயத் தொறக்கல."

அவள் ஒரு கரண்டி சோறு போட்டாள். சாம்பார் ஊற்றினாள். முகத்தில் ஒரு துளி இளக்கம் இல்லை. அடுத்த கரண்டிக்கு அண்டாவை நோக்கித் திரும்பிவிட்டாள். அவன் பிசைந்து சாப்பிட்டான், கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது.  வளர்மதி கொண்டு வந்த டப்பாவைத் திறக்காமலே எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். அவர் மகள் எழுந்து வந்து தட்டு எடுத்தது.

மறுநாள் டப்பாக்கள் குறைந்தன. அடுத்த வாரம் வேறு ஆள் போடுகிற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. யாரும் மன்னிப்பும் கேட்கவில்லை. பழனிவேல் மருந்தடிக்க வேறு ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்தார். வீரமுத்து இப்போது செங்கல் சூளைக்குப் போகிறான்.

இது ஆகி மாசக்கணக்காகிவிட்டது. போன வாரம் அதே பஸ்ஸில் அதே முன் சீட்டு. எங்கள் பள்ளி சமையல்காரியைப் பற்றிப் பேச்சு. புருஷனைப் பட்டினி போட்டு வழிக்குக் கொண்டு வந்தவள் என்று ஒருத்தி சொன்னாள், மற்றவள் ஐயையோ என்றாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இறங்கி நேரே அடுப்படிக்குப் போய் அம்சவள்ளியிடம் மூச்சு வாங்கச் சொன்னேன். இந்த ஊர் திருந்தவே திருந்தாது, இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடலாம், நீயும் வா என்றேன்.

அவள் கொண்டைக்கடலையைக் கிளறிக்கொண்டிருந்தாள். கரண்டியை நிறுத்தவில்லை.

"பட்டினி போட்டேன்ல. அது நடந்ததுதானக்கா. சொல்லிக்கட்டும்."